மாமனாருக்கு ஆகாத வார்த்தை

என் மாமனாருக்கு இங்கிலீஷ் வார்த்தைகள் மேல் பகை எதுவும் கிடையாது. திருவண்ணாமலையில் தவிடும் புண்ணாக்கும் விற்கிற மண்டி வைத்திருந்தவர். லோடு, பில், ரேட்டு, பாக்கிக்கு பேலன்ஸ் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் வாயில் இங்கிலீஷ் புழங்கிக்கொண்டேதான் இருக்கும். படிக்கத் தெரியாது. ஆனால் அவர் 'அர்ஜென்ட்' என்று ஒரு குரல் கொடுத்தால் வண்டிக்காரன் பீடியைக் கீழே போட்டுவிட்டு ஓடுவான். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு வார்த்தையைக் கேட்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். 'சாரி' என்பது அந்த வார்த்தை. அதனால் என் தம்பியோடு அவருக்குப் பேச்சு அற்றுப்போனது. என் பிறந்த வீட்டு உறவே எனக்கு இல்லாமல் போகும் நிலைக்கு வந்தது. எழுபதுகளின் கடைசியில் நடந்தது இது. நான் அப்போது ஒரு பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். என் தலையெழுத்தைப் பாருங்கள்.

என் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். எங்கள் ஊர் மலைக்குப் பின்பக்கம் அடி அண்ணாமலை என்றாலும் கல்யாணம் டவுனில் ஒரு சத்திரத்தில் நடந்தது. அப்பா போய்விட்டதால் எங்கள் வீட்டு ஆண்பிள்ளை என்று முன்னால் நிற்க என் தம்பி ஒருவன்தான். பி.ஏ. முடித்துவிட்டு, வேலை கிடைக்கும்வரை சும்மா இருப்பானேன் என்று செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு வீட்டின் வாடகை அறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெள்ளைக்காரர்கள் வந்து மாதக்கணக்கில் தங்குகிற அறைகள். பேச்சு சாமர்த்தியம் உள்ள பையன் என்று பந்தி விசாரணையை அவனிடம் விட்டிருந்தார்கள்.

இரண்டாம் பந்தியில் மாப்பிள்ளை வீட்டாருக்கென்று ஒரு வரிசையை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அது தெரியாமல் என் மாமனார் அதில் போய் உட்கார்ந்துவிட்டார். இலையில் தண்ணீர் தெளித்தாயிற்று. உப்பு வந்து, இனிப்பு வந்து, பொரியலும் வந்தாயிற்று. கையில் சாம்பார் பக்கெட்டோடு பின்னாலிருந்து வந்த தம்பிக்கு வெறும் முதுகுதான் தெரிந்திருக்கிறது. தோளைத் தட்டினான்.

"யாருப்பா அது? எந்திரிங்க, எந்திரிங்க. இது மாப்ள வூட்டுக்காரங்க எடம்."

எதிர் வரிசைக்குப் பின்னால் என் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். எங்கள் பக்கத்தில் இலையில் உட்கார்ந்தவனை எழுப்ப மாட்டார்கள். பங்காளிச் சண்டையில் வெட்டிக்கொண்டவனாக இருந்தாலும், சாப்பிட்டு எழுந்திருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் நிற்பார்கள். என் மாமனார் எழுந்தார். திரும்பினார்.

"ஐயோ, நீங்களா! சாரி மாமா. சாரி, சாரி" என்றான் தம்பி. சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. அவனுக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும், சின்ன வயதிலிருந்தே அப்படி. அப்பாவிடம் அதற்காகவே கூடுதலாக ரெண்டு அடி வாங்குவான். அந்த நேரம் பார்த்து எவனோ அந்தக் கோடியிலிருந்து "சாம்பாரு!" என்று கத்த, பக்கெட்டோடு ஓடிவிட்டான்.

மாமனார் அந்த வரிசையை விட்டு வெளியே வந்தார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வீட்டில் பழைய சோற்றைப் போடச் சொல்லிச் சாப்பிட்டதாக அத்தை, அதாவது என் மாமியார், பிறகு சொன்னார்.

நான் போய்ச் சேர்ந்தபோது கூடத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துப் பேசவில்லை, சுவரைப் பார்த்துப் பேசினார்.

"எலையிலேர்ந்து எழுப்புனான். சரி, கூட்டம், தெரியாம நடந்து போச்சின்னு வெச்சுக்குவோம். அப்பால இன்னா சொன்னான்? சாரியாம். பல்ல காட்டிகினு சொல்றான். பஸ்ஸுல கால மிதிச்சவன் சொல்ற பேச்சு அது. அவனாவது நம்மள யாருன்னு தெரியாதவன். புஸ்தகத்து மேல கால் பட்டாக்கூட தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறோம். நான் ஒரு புஸ்தகத்துக்கும் கம்மியா பூட்டனா? கையில பக்கெட்ட வெச்சுகினு வாயால ஒரு வார்த்தைய துப்பிட்டு பூட்டான். இனிமே அந்த வூட்டுல நான் கை நனைக்க மாட்டேன்."

கை நனைக்க மாட்டேன் என்றால் அங்கே சாப்பிட மாட்டேன் என்று பொருள். சாப்பாடு நின்றால் போக்குவரத்து நின்றது. போக்குவரத்து நின்றால் உறவு அவ்வளவுதான்.

கோபத்தில் சொல்கிறார், நாலு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. தம்பி வீட்டுப் பக்கம் வந்தால் மண்டிக்குப் போய்விடுவார். என் அம்மா கொடுத்தனுப்பிய கொழுக்கட்டையைத் தொடாமல் மாட்டுக்கு வைக்கச் சொன்னார். என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. ஆபீசில் எப்படியோ, வீட்டில் மதில்மேல் பூனை. "அப்பா சொல்றதும் நியாயந்தான், உன் தம்பி வேணும்னு பண்ணலங்கறதும் நியாயந்தான்" என்பார். இந்த ரெண்டு நியாயத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நான்தான் அரைபட்டேன்.

தம்பி என்ன சொன்னான்? "அதான் சாரி சொல்லிட்டேனே" என்றான். பாவி, உண்மையாகவே அவன் அப்படித்தான் நினைத்தான். ஆசிரமத்துப் பக்கத்து அறைகளில் அந்த வார்த்தை பொரி மாதிரி இறைந்து கிடக்கும். தோள் இடித்தால் சாரி, தும்மினால் சாரி, வெந்நீர் ஆறிப்போயிருந்தால் அதைச் சொல்ல வருகிறவனும் முதலில் சாரி சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பான். அங்கே அந்த வார்த்தையைச் சொன்னால் கணக்கு தீர்ந்தது. நான் மட்டும் என்ன? லேட்டாக வருகிற பெண்களை வாசலில் நிறுத்தி, "சாரி மிஸ் சொல்லிட்டு உள்ள வா" என்று பழக்கியவள்தானே. ஒரு பெண்ணாவது அதைச் சொல்லும்போது வருத்தப்பட்டுப் பார்த்ததில்லை. உள்ளே வர அது ஒரு டிக்கெட்.

சரி, தமிழில் என்ன சொல்லியிருக்கலாம் என்று யோசித்தால் அதுவும் திண்டாட்டம்தான். மன்னிப்பு என்பது மேடையிலும் சினிமாவின் கடைசி ரீலிலும் கேட்கிற வார்த்தை. எந்த வீட்டில் எந்த மருமகன் மாமனாரைப் பார்த்து 'என்னை மன்னித்துவிடுங்கள்' என்று சொல்லியிருக்கிறான்? "மனசுல வெச்சுக்காதீங்க" என்போம். "தெரியாத்தனமா நடந்துடுச்சு" என்போம். அதைக்கூட நேரே சொல்வது அபூர்வம். சண்டை போட்டவன் வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய், மாடு கன்று போட்டுவிட்டதா என்று விசாரித்து, போட்ட சோற்றைச் சாப்பிட்டு வந்தால் அதுதான் அது. வார்த்தை இல்லாமல் காலும் கையும் வயிறும் சேர்ந்து செய்கிற காரியம். என் மாமனார் எதிர்பார்த்தது அதை. என் தம்பி கொடுத்ததோ ஒரு வார்த்தை, அதுவும் போகிற போக்கில்.

எனக்கு இதில் ஒரு பழைய ஞாபகமும் சேர்ந்துகொண்டு இம்சை செய்தது. அப்பா இறந்தபோது, தம்பி பார்த்துக்கொண்ட வாடகை அறையில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அடி அண்ணாமலைக்குத் துக்கம் விசாரிக்க வந்தாள். எங்கள் பெண்கள் மாதிரி ஒப்பாரி வைக்க அவளுக்குத் தெரியாது. அம்மாவின் முன்னால் வந்து மண்டியிட்டு உட்கார்ந்து, "ஐ ஆம் சாரி" என்றாள். அம்மா தம்பியைப் பார்த்தாள். "மன்னிச்சுக்கங்கன்னு சொல்றாங்கம்மா" என்றான் அவன், அவனுக்குத் தெரிந்த அர்த்தத்தில். அம்மா பதறிவிட்டாள். "ஐயோ, இவ இன்னாடா பண்ணா பாவம்? இவளா வந்து உங்கப்பன அனுப்பிவெச்சா?" ஆனால் அந்தப் பெண்மணியின் கண்ணில் தண்ணீர் வழிவதைப் பார்த்ததும் அம்மா கேள்வியை நிறுத்திக்கொண்டாள். முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். அன்றைக்கு அவர்கள் ரெண்டு பேருக்கும் இடையில் ஏதோ ஒன்று போய்ச் சேர்ந்தது. மன்னிப்பு இல்லை அது, எனக்குத் தெரியும். அதே வார்த்தைதான் சத்திரத்தில் போய்ச் சேரவில்லை.

ஒரு நாள் ஆத்திரத்தோடு பள்ளிக்கூட நூலகத்தில் பெரிய அகராதியை எடுத்துப் புரட்டினேன். என் தம்பி பக்கம் ஏதாவது ஒரு நியாயம் கிடைக்காதா என்றுதான். நான் அதுவரை சாரோ, அதாவது துயரம், அதிலிருந்து வந்ததுதான் சாரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லியிருந்தேன். அகராதி அப்படிச் சொல்லவில்லை. ரெண்டும் வேறு வேறு குடும்பமாம், பார்க்க ஒரே சாயலாம். சாரியின் வேர் 'சோர்' என்பதாம். சோர் என்றால் புண். நோகிற இடம். ஆதியில் சாரி என்றால் நோவோடு இருக்கிறவன் என்று பொருள். எனக்கு வலிக்கிறது என்பதுதான் அதன் அடி. யாரிடமும் எதையும் கேட்கிற வார்த்தையே இல்லை அது. காலம் போகப் போக புண் ஆறி, வெறும் தழும்பு மட்டும் மிச்சம். இப்போது பஸ்ஸில் காலை மிதித்தவன் எடுத்து வீசுகிறான்.

ராத்திரி சாப்பாடு போடும்போது இதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். பெரிய புதையல் கிடைத்த மாதிரிதான் சொன்னேன். அவர் ரசத்தை உறிஞ்சிவிட்டு, "அந்த அகராதிய எடுத்துகினு போயி எங்கப்பா கிட்ட படிச்சுக் காட்டு. தவிட்டு மூட்டைய கட்ட ஒதவும்" என்றார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் சொன்னதும் சரிதான். வேரைத் தோண்டிக் காட்டினால் மரம் காய்த்துவிடுமா?

இப்படி இருக்கும்போதுதான் குழந்தைக்குக் காது குத்த நாள் பார்த்தார்கள்.

காது குத்துவது தாய்மாமன் மடியில். அது எல்லாருக்கும் தெரிந்தது. மாமன் தோடு கொண்டுவருவான், புதுத் துணி கொண்டுவருவான், குழந்தையை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வான், நகை செய்கிற பத்தர் குத்துவார். அந்த மடியில் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் அதற்கப்புறம் கல்யாணச் சீர், வளைகாப்பு, கடைசியில் மேலே போர்த்துகிற கோடித் துணி வரைக்கும் எல்லா முறையும் அந்த மாமனுக்கு. தம்பியைக் கூப்பிடாமல் எப்படிக் குத்த முடியும், இந்தச் சாக்கிலாவது வீம்பு விட்டுப்போகும் என்று நான் மனதுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மாமனார் என்னைக் கூப்பிட்டார். "மாமன்னா அவன் ஒருத்தன்தானா? உங்க பெரியப்பன் மவன் இருக்கான் இல்ல? அவனும் உனக்கு அண்ணன்தான? அவன் மடியில வெச்சு குத்திடலாம். போயி பாக்கு வெச்சு அழைச்சுட்டு வந்துட்டேன்."

பேசி முடித்துவிட்டுத்தான் எனக்குச் சொன்னார். பெரியப்பா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பாகப்பிரிவினையிலிருந்தே கிணற்றுத் தகராறு. அந்த அண்ணன் கெட்டவன் இல்லை. ஆனால் அவன் மடியில் என் பெண் உட்கார்ந்துவிட்டால் என் தம்பி அவளுக்கு யாரோ. என் அம்மா யாரோ. நான் ஒவ்வொரு நல்லது கெட்டதுக்கும் பெரியப்பா வீட்டைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். என் பிறந்த வீட்டை என்னிடமிருந்து அறுத்து எடுக்க அரிவாள் தேவையில்லை, மாமன் உட்கார்கிற ஒரு மணைப்பலகை போதும் என்று எனக்கு அப்போது புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஜட்கா வண்டி பிடித்து அடி அண்ணாமலைக்குப் போனேன். அம்மா சுருக்குப் பையிலிருந்து எடுத்து, ஏற்கெனவே செய்து வைத்திருந்த ஒரு ஜோடிக் குட்டித் தோட்டைக் காட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தம்பி சுவரில் சாய்ந்து நின்றான்.

"வந்துடுடா" என்றேன்.

"கூப்டாத வூட்டுக்கு எப்டிக்கா வர்றது? அழையா வூட்டுல நொழையா சம்பந்தின்னு கேட்டதில்ல?"

"நான் கூப்புடறேன்."

"நீ கூப்ட்டா போதுமா? வூடு அவருது."

"போயி ஒரு தபா கால்ல விழுந்துடேன்டா. பெரியவர்தான?"

"பொங்கலுக்கு விழச் சொல்லு, விழறேன். தப்பு பண்ணவன்னு நிக்க வெச்சு விழச் சொன்னா மாட்டேன். நான் இன்னா திருடனா? தெரியாம பண்ணேன். சாரி சொன்னேன். அதுக்கு மேல எனக்கு சொல்லத் தெரியலக்கா."

"சிரிச்சியேடா!"

"அது வந்துடுதுக்கா" என்றான். தலையைக் குனிந்துகொண்டான். அதற்குமேல் அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. வண்டி ஏறும்போது அம்மாவிடம், "நீ வரலன்னா நான் புள்ளைய யார் மடியிலயும் குடுக்க மாட்டேன்னு அவன் கிட்ட சொல்லு" என்று உரக்கச் சொல்லிவிட்டு வந்தேன். அவனுக்குக் கேட்க வேண்டும் என்றுதான் உரக்கச் சொன்னேன்.

அந்தக் காலை வந்தது. வாசலில் சின்னப் பந்தல். குழந்தைக்கு மொட்டையடித்து, தலையில் சந்தனம் பூசியிருந்தோம். அவள் அந்தச் சந்தனத்தைத் தன் கையால் வழித்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா மகன் புது வேட்டியோடு மணையில் உட்கார்ந்திருந்தான். பத்தர் எதிரில் தன் சாமான்களை விரித்துவிட்டார். நான் கதவு ஓரத்தில் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் யாரும் இல்லை.

"ராகு காலம் பொறக்கப் போவுதும்மா" என்றார் பத்தர்.

"புள்ளைய குடு" என்றார் மாமனார்.

"கொஞ்ச நேரம் மாமா."

"எதுக்கு?"

எதற்கென்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அத்தை என் பக்கம் வந்து, "ஆம்பளைங்க கூட மொறச்சுகினு நிக்காதடி, குடுத்துடு" என்று காதோடு சொன்னார். "குடுக்க மாட்டேன் அத்தே" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வீட்டில் நான் 'மாட்டேன்' என்று சொன்னது அன்றைக்குத்தான். மாமனார் என்னை நோக்கி ஓரடி வைத்தார்.

அப்போது தெருமுனையில் என் அம்மா தெரிந்தாள். பின்னால் தாம்பாளத்தைத் தாங்கிக்கொண்டு தம்பி. தேங்காய், பழம், ஒரு சின்னச் சிவப்புக் கவுன். பந்தலுக்கு வெளியே வந்து நின்றான். அதற்குமேல் அவன் வரக் கூடாது. யாராவது ஒருவர் 'வா' என்று சொல்ல வேண்டும். அந்த ஓரெழுத்தைச் சொல்ல அங்கே நாதியில்லை. மாமனார் பந்தல் காலைப் பார்த்தார். அத்தை மாமனாரைப் பார்த்தார். என் தம்பி வெயிலில் தட்டை ஏந்திக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் அந்தப் பாழாய்ப்போன சிரிப்பு வரப் பார்த்தது. கடவுளே, சிரித்துவிடாதே, சிரித்துவிடாதே என்று நான் வேண்டிக்கொண்டேன்.

பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்திவிட்டேன். "ஏங்க, உங்க மச்சான் வெயில்ல நிக்கறான்!"

அவர் தன் அப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வா மச்சான்" என்றார். பந்தலுக்குள்ளேயே பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. அதுவரை அவர் மேல் வைத்திருந்த கோபத்தில் பாதியை அந்த இடத்திலேயே தள்ளுபடி செய்துவிட்டேன்.

பெரியப்பா மகன் மணையிலிருந்து எழுந்தான். யாரும் எழுப்பவில்லை, தானாகத்தான் எழுந்தான். "அவன் எடம்" என்று மட்டும் சொல்லி ஓரமாகப் போய் நின்றான். கிணற்றுத் தகராறில் அவன் பேசியதை எல்லாம் நான் அன்றோடு மறந்தேன்.

மாமனார் அப்போதும் தம்பியைப் பார்க்கவில்லை. "நேரம் ஆவுது பத்தரே" என்றார்.

நான் குழந்தையைத் தம்பி மடியில் வைத்தேன். பத்தர் குங்குமத்தால் ரெண்டு காதிலும் புள்ளி வைத்தார். முதல் காதில் குத்தியபோது என்ன நடக்கிறதென்றே அவளுக்குத் தெரியவில்லை. ஒரு நொடி சும்மா இருந்தாள். பிறகு வந்தது பாருங்கள் ஒரு வீறல். மூச்சு நின்று முகம் கறுத்துப்போனது. தம்பியின் உடம்பே தூக்கிப்போட்டது.

"சாரி கண்ணு" என்றான். "சாரி, சாரிடா, சாரி..."

பந்தலில் எல்லாரும் கேட்டார்கள். போயும் போயும் அந்த வார்த்தையையா இங்கே கொண்டுவர வேண்டும்? மாமனாரைப் பார்த்தேன். அவர் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அன்றைக்கு முதல் தடவையாக.

இரண்டாவது காதுதான் கஷ்டம். குழந்தைக்கு இப்போது விஷயம் தெரியும். பத்தர் கையைப் பார்த்ததுமே தலையை இப்படியும் அப்படியும் உதறினாள். "கெட்டியா புடிங்க, ஆடுனா எடம் தவறிடும்" என்றார் பத்தர். தம்பியால் பிடிக்க முடியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து குழந்தையின் சந்தனத் தலையில் விழுந்தது. சாரி, சாரி என்பதை அவன் நிறுத்தவே இல்லை, அவனுக்குத் தான் சொல்கிறோம் என்பதே தெரிந்திருக்காது. பத்தர் குத்த எடுத்ததைத் திரும்பவும் கீழே வைத்தார். நான் முகத்தை மூடிக்கொண்டேன்.

கையை எடுத்துப் பார்த்தபோது மாமனார் வேட்டியை மடித்துக்கொண்டு தம்பிக்கு எதிரே குந்தி உட்கார்ந்திருந்தார். தம்பியின் கைகளுக்கு மேல் தன் கைகளை வைத்து, நாலு கையுமாகக் குழந்தையின் தலையைப் பிடித்திருந்தார்.

"கெட்டியா புடி" என்றார்.

"வலிக்குது மாமா அதுக்கு."

"தெரியும். புடி."

பத்தர் குத்தினார்.

அதற்கப்புறம் தம்பி அங்கே நிற்கவில்லை. குழந்தையை என்னிடம் கொடுத்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போலாம்மா" என்றான். முறை முடிந்தது, கை நனைக்காமல் போகிறான். அவனை என்ன சொல்லி நிறுத்துவது? சாப்பிடச் சொல்ல வேண்டியது அந்த வீட்டுப் பெரியவர். நான் குழந்தையை அத்தையிடம் கொடுத்துவிட்டு, அழுகையை அடக்கிக்கொண்டு பந்திக்கு உப்பு வைக்கப் போனேன். பெரியவர் உட்கார்ந்தால்தான் பந்தி நகரும் என்று மாமனாரை முதல் இலையில் உட்கார வைத்திருந்தார்கள். உப்பு வைத்தேன். இனிப்பு வைத்தேன். சோறும் வந்துவிட்டது. அவர் கையை வைக்கவில்லை.

"ஏம்மா" என்றார் தணிந்த குரலில். "நீதான் இங்கிலீசு சொல்லிக் குடுக்கிறியே. அந்த வார்த்தைக்கு இன்னா அர்த்தம்?"

எந்த வார்த்தை என்று நான் கேட்கவில்லை. அகராதியில் நாலைந்து அர்த்தம் போட்டிருந்தது. அதில் ரொம்பப் பழையதை எடுத்துச் சொன்னேன்.

"எனக்கு வலிக்குதுன்னு அர்த்தம் மாமா."

அவர் இலையைப் பார்த்தபடி இருந்தார். "இன்னிக்கு அப்டித்தான் இருந்துச்சு" என்றார். பிறகு சோறு போட்ட இலையிலிருந்து எழுந்தார்.

வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். "இன்னாங்க இது, எலையிலேர்ந்து எந்திரிக்கிறீங்க!" என்று அத்தை ஓடிவந்தார். அவர் காதில் வாங்கவில்லை. வெறுங்காலோடு பந்தலைத் தாண்டித் தெருவில் இறங்கினார். தம்பியும் அம்மாவும் தெருமுனையை எட்டியிருந்தார்கள்.

"டேய்!"

தம்பி திரும்பினான்.

"எம்பக்கத்துல உனக்கு எல போட்டிருக்குது. சோறு ஆறுது. அம்மாவ கூட்டிகினு வா."

தம்பி அந்த இடத்திலேயே நின்றான். சிரிப்பு வரவில்லை. சாரியும் வரவில்லை. திரும்பி நடந்து வந்து, பந்தல் வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றினான்.